முந்திப் பிறந்த சிவப்பு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். அந்த விநாடியை ஆறு கூறு போட்டால் ஒரு கூறுக்கு 2.8 மீட்டர். ஒரு ஸ்ப்ளெண்டர் பைக்கின் மொத்த நீளமே 2 மீட்டர்தான். முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்கிறார் என்ற செய்தி ஆறில் ஒரு பங்கு விநாடி முந்திக் கிடைத்தால், பின்னால் வருகிறவருக்கு ஒரு முழு வண்டியைவிட அதிகமான இடம் மிச்சமாகிறது. அந்த இடத்தை வாங்கித் தருவதுதான் எல்இடி பிரேக் லைட்.

பளிச்சென்று தெரிகிறது, பேட்டரியைக் குடிப்பதில்லை, பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று பல காரணங்களுக்காக அதை வாங்கி மாட்டுகிறோம். அது பிறந்து வளர்ந்த கதையைப் பார்த்தால், அதன் தலையாய குணம் முந்துவது என்று தெரியும். அந்தக் குணம் கெடாதபடி வயரிங் செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

கை காட்டிய காலம்

மோட்டார் வண்டிகள் சாலைக்கு வந்த புதிதில் பிரேக் லைட் என்று எதுவும் கிடையாது. நிற்கப் போகிறேன் என்பதை ஓட்டுபவர் கையை நீட்டித்தான் சொன்னார். 1910-களில் அமெரிக்க மௌனப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் தன் காருக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பிரேக்கை மிதித்தால் காரின் பின்புறம் 'நில்' என்று எழுதிய பலகை எழும்பி நிற்கும். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பிரேக் மிதியோடு எச்சரிக்கையைக் கட்டிவிட வேண்டும் என்ற யோசனை மட்டும் நிலைத்தது. பலகையின் இடத்துக்குப் பிறகு மின்விளக்கு வந்தது.

இந்த யோசனை காரைவிட மோட்டார் சைக்கிளுக்குத்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. நம் ஊரில் லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இன்றும் கை சைகை படிக்கிறார்கள். வேகம் குறைக்கிறேன் என்பதற்கு வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். பைக்கில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் அதே வலது கையில்தான் இருக்கின்றன. சைகை காட்டினால் பிரேக் பிடிக்க முடியாது, பிரேக் பிடித்தால் சைகை காட்ட முடியாது. அந்தக் கைக்குப் பதிலாகப் பேச வந்ததுதான் பின்புறத்துச் சிவப்பு விளக்கு.

அதற்குள் பல்லாண்டுகள் குடியிருந்தது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடிப்பகுதியில் துருத்தி நிற்கும் இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். தலைகீழாக மாட்டிவிட்டு டெயிலும் பிரேக்கும் இடம் மாறி எரியக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சர்வதேசத் தரப்படி சின்ன இழையின் ஒளி 35 லூமென், பெரிய இழையின் ஒளி 440 லூமென். பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சும்மா எரிவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தப்பக் கூடாது என்ற கணக்கு.

அந்தப் பல்புக்கு இரண்டு குறைகள். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் இழை அறுந்துபோகும். பின்புற விளக்கு என்பதால் அறுந்தது ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. இரண்டாவது குறை, அதன் தாமதம். டங்ஸ்டன் இழை சூடேறினால்தான் ஒளி தரும். அடுப்பில் வைத்த இரும்புக் கம்பி வைத்தவுடனே சிவப்பதில்லை அல்லவா, அதே சங்கதிதான். சுவிட்ச் தட்டியபின் பல்பு தன் முழு ஒளியை நெருங்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. அது வீட்டில் பிரச்சினையே இல்லை. சாலையில் பிரச்சினை.

கல்லுக்குள் கண்ட வெளிச்சம்

மின்சாரம் பாய்ந்தால் சூடேறாமலே ஒளி தரும் திடப்பொருளை முதலில் கண்டவர் மார்க்கோனி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி ஜோசப் ரவுண்ட். 1907-இல் வானொலி அலைகளைப் பிடிக்கும் படிகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சிலிக்கான் கார்பைடு துண்டில் மின்சாரம் பாய்ச்சினால் மஞ்சளாக ஒளிர்வதைக் கவனித்தார். அதை ஒரு சின்னக் குறிப்பாக எழுதி அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 1920-களில் ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் அதே ஒளியை மறுபடி கண்டு, விரிவாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். ஆராய்ச்சி தொடர அவருக்கு ஆயுள் போதவில்லை. 1942-இல் லெனின்கிராட் முற்றுகையின்போது பட்டினியால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

நம் பிரேக் லைட்டின் நேர் மூதாதை பிறந்தது 1962 அக்டோபர் 9 அன்று. நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலன்யாக் அதைச் செய்து காட்டினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீனிடம் ஆராய்ச்சி படித்தவர். அந்தச் சமயத்தில் மற்றவர்கள் காலியம் ஆர்செனைடு என்ற பொருளிலிருந்து அகச்சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அகச்சிவப்பு கருவிக்குப் புலப்படும், மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒளி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஹோலன்யாக். காலியம் ஆர்செனைடோடு பாஸ்பரஸைக் கலந்தார். கலக்கக் கலக்க ஒளியின் நிறம் அகச்சிவப்பிலிருந்து நகர்ந்து, கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் வந்தது. அந்த எல்லையைத் தாண்டியதும் முதலில் வருகிற நிறம் சிவப்பு.

பிரேக் லைட்டுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அதுதான். எல்இடி எந்த நிறத்தில் ஒளிரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பொருளுக்குள் எலெக்ட்ரான் தாண்டிக் குதிக்கும் ஆற்றல் இடைவெளி. இடைவெளி குறைவாக இருந்தால் சிவப்பு, கூடக் கூட மஞ்சள், பச்சை, நீலம். சின்ன இடைவெளி உள்ள பொருள்களைச் செய்வது எளிதாக இருந்தது. ஹோலன்யாக்கின் மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்ட் மஞ்சளை எடுக்க 1972 ஆயிற்று. ஜப்பானின் நகமுரா சுஜி நல்ல பிரகாசமான நீலத்தைத் தர 1990-கள் ஆயின. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை எல்இடி, அதற்கும் பிறகுதான் எல்இடி ஹெட்லைட். சாலையில் 'நில்' என்பதற்கு உலகமே ஒப்புக்கொண்ட நிறம் சிவப்பு. ஆய்வுக்கூடத்தில் முதலில் வந்ததும் சிவப்பு. அதனால்தான் வண்டியின் முன்புறத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்இடி பின்புறத்துக்கு வந்துவிட்டது.

உடனே வரவில்லை. முதல் எல்இடிகள் மங்கலானவை. 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரில் சிவப்பு எண்களாக மின்னுவதற்கு அந்த ஒளி போதும், வெயிலில் போகும் வண்டிக்குப் போதாது. காலியம் ஆர்செனைடோடு அலுமினியம் சேர்ந்து 1980-களில் ஒளி கூடியது. 1990-களில் அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் என்ற நால்வர் கூட்டணி வந்ததும் பட்டப்பகலிலும் கண்ணை இழுக்கும் சிவப்பு கிடைத்தது. இன்று நம் வண்டிகளின் பின்னால் எரிவது பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான்.

டாக்சிகள் சொன்ன பாடம்

ஒருபக்கம் பொருள் முதிர்ந்துகொண்டிருந்தபோது, மறுபக்கம் பிரேக் லைட்டுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதும் தெளிவாகிக்கொண்டிருந்தது. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்புறம் நடுவில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கைப் பொருத்தினார். 160 டாக்சிகளை அப்படியே விட்டார். 1974-இல் வெளியான முடிவின்படி, விளக்கு வைத்த டாக்சிகளைப் பின்னாலிருந்து மோதிய விபத்துகள் 60.6 சதவீதம் குறைந்திருந்தன. அமெரிக்காவில் 1986 மாடல் முதல் எல்லாப் பயணிகள் காரிலும் மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமாயிற்று. எல்லாக் காரிலும் அது வந்து, கண் பழகிய பிறகு, நீண்டகால ஆய்வில் கிடைத்த பலன் 4 சதவீதச் சொச்சம்தான். புதுமைக்குக் கிடைத்த கவனம் போய், விளக்குக்கே உரிய பலன் மட்டும் நின்றது. நாடு முழுக்கப் பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் 4 சதவீதம் என்பது சின்ன எண் இல்லை.

பின்கண்ணாடிக்குள் ஒடுங்கிய அந்த மூன்றாவது விளக்குதான் எல்இடி காருக்குள் நுழைந்த வாசல். இடம் குறைவு, ஆழம் குறைவு, தேவைப்படும் ஒளியும் குறைவு. பிறகு 1998-இல் வந்த மாசெராட்டி 3200 ஜிடி, 2000 மாடல் கேடிலாக் டிவில் ஆகிய கார்களில் பின்புற விளக்கும் எல்இடியாக மாறியது.

இடையில் 1994-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சிவக் குழுவினர் முக்கியமான ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண பல்பையும் எல்இடியையும் பிரேக் லைட்டாக எரியவிட்டு, பார்ப்பவர் எவ்வளவு சீக்கிரம் எதிர்வினை காட்டுகிறார் என்று அளந்தார்கள். எல்இடிக்கு 0.166 விநாடி முன்னதாகவே எதிர்வினை வந்தது. மனிதரின் கவனம் கூடியதால் கிடைத்த நேரம் இல்லை இது. அதே மனிதர், அதே கண். இழை சூடேறக் காத்திருந்த நேரம் மிச்சமானது, அவ்வளவுதான். கண் பழகினாலும் இந்தப் பலன் தேயாது.

நம் ஊர்ச் சாலைகளில் இந்த விளக்கைப் பெரிய அளவில் பரப்பியது பஜாஜ் பல்சர். 2006-இல் வந்த பல்சரின் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடுகளாக எரிந்த எல்இடி, கொஞ்ச நாளிலேயே அந்த வண்டியின் அடையாளமாயிற்று. பல்பு வண்டி வைத்திருந்தவர்களுக்கும் அந்த ஆசை வந்தது. வெளிச்சந்தை எல்இடிகள் கடைகளில் தொங்க ஆரம்பித்தன.

சந்தில் ஒரு சாயங்காலம்

சென்னையில் வண்டி உதிரிகளுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்தில், வயரிங் வேலை மட்டுமே செய்யும் ஓர் எலக்ட்ரீசியன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சாயங்காலம் நினைவில் நிற்கிறது. பழைய ஸ்ப்ளெண்டரோடு ஓர் இளைஞர் வந்தார். "அண்ணே, எல்இடி பல்பு நானே மாட்டுனேன். நல்லாத்தான் எரியுது. ஆனா டெயில் லைட்டு துடிக்குது."

எலக்ட்ரீசியன் எழுந்திருக்கவே இல்லை. "தம்பி, முதல்ல உன் நம்பர் பிளேட்டப் பாரு" என்றார்.

நம்பர் பிளேட் சிவப்பாக இருந்தது. டெயில் லைட்டின் சிவப்புக் கண்ணாடிக்குக் கீழே நிறமில்லாத சின்ன சன்னல் ஒன்று உண்டு. அந்த வழியாக விழும் வெள்ளை வெளிச்சத்தில்தான் இரவில் எண் தெரிய வேண்டும். உள்ளே சிவப்பு எல்இடி வைத்தால் அந்த வெளிச்சமும் சிவப்பாகிவிடும். வெள்ளை எல்இடி வைத்தால் எண் தெரியும், பிரேக் மங்கும். வெள்ளை எல்இடியின் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்புக் கண்ணாடி மிச்ச நிறங்களைத் தடுத்துவிட்டு அந்தக் கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும். அதனால் பின்பக்கம் சிவப்பு எல்இடிகளும், நம்பர் பிளேட்டைப் பார்த்து இரண்டு வெள்ளை எல்இடிகளும் உள்ள தட்டைத்தான் அவர் எடுத்தார்.

துடிப்புக்கும் காரணம் சொன்னார். பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற பல வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சின் சுற்றும்போது காயில் தரும் ஏசி மின்சாரத்தில் நேராக எரிகின்றன. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும் பேட்டரியின் டிசியில். பல்பின் இழை ஏசியிலும் சூடு ஆறாமல் ஒரே சீராக எரியும். எல்இடி ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும் டையோடு. ஏசி திசை மாறும்போதெல்லாம் அணையும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தத் துடிப்பு கண்ணிலேயே தெரியும். டெயில் லைட் இணைப்பை சாவி போட்டால் டிசி வரும் கறுப்பு வயருக்கு அவர் மாற்றிவிட்டார். எல்இடி இழுப்பது கொஞ்சம் என்பதால் பேட்டரி தாங்கும். பிரேக்கிலும், 21 வாட் இழை 1.75 ஆம்பியர் கேட்ட இடத்தில், 3 வாட் எல்இடிக்குக் கால் ஆம்பியர் போதும்.

வேலை நடந்த விதம் பார்க்கத் தக்கது. சீட்டைக் கழற்றி வால் பக்கத்துக் கப்ளரைத் திறந்தார். ஹோண்டா வழி வந்த வண்டி என்பதால் பச்சை எர்த், பழுப்பு டெயில், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பிரேக். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர், ஆனாலும் டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தார். யமஹாவில் பிரேக் வயர் மஞ்சள், எர்த் கறுப்பு. முன்னே கை வைத்தவர் எந்த வயரை எதில் முறுக்கியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. எர்த்தை மட்கார்டு போல்ட்டில் கொடுக்கவில்லை, கப்ளரில் இருந்த பச்சை வயரிலேயே கொடுத்தார். பெயின்டும் துருவும் சேர்ந்த போல்ட் மழைக்காலத்தில் கைவிட்டுவிடும் என்பது அவர் அனுபவம். மூன்று இணைப்புகளையும் ஈயம் வைத்து சால்டர் செய்து, சுருங்கும் ஸ்லீவ் மாட்டி, சூடு காட்டினார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதிர்விலும் ஈரத்திலும் பச்சை பூத்து, ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும்.

நல்ல தட்டு, மோசமான தட்டு

நல்ல எல்இடித் தட்டை எப்படி அறிவது? சிவப்பு எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் தேவை. நான்கைத் தொடராகக் கோர்த்தால் 8.4 வோல்ட். எஞ்சின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட் இருக்கும். மிச்சம் 5.6 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 280 ஓம் வைத்தால் 20 மில்லி ஆம்பியர் ஓடும், கணக்கு சரி. பேட்டரி இறங்கி 12 வோல்ட் ஆனால் அதே வரிசையில் ஓடுவது 13 மில்லி ஆம்பியர்தான். ஒளி மங்கும். அதனால் நல்ல தட்டுகளில் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும் சில்லு இருக்கும். மலிவுத் தட்டில் ரெசிஸ்டர்தான் எல்லாம், அதையும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். சாலையில் சில வண்டிகளின் பின்னால் நாலைந்து புள்ளிகள் மட்டும் மொத்தமாக அணைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு எல்இடி போனால் அந்தத் தொடரே போய்விடுவதன் அடையாளம் அது.

இன்னொரு சோதனை, டெயிலுக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம். பழைய பல்பு பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் காட்டியது. சில வெளிச்சந்தைத் தட்டுகளில் டெயில் லைட்டே கண்ணைக் கூசுமளவு எரியும், பிரேக் பிடித்தால் அதற்கு மேல் கூடுவதற்கு ஒன்றும் இருக்காது. பின்னால் வருகிறவருக்கு அது எப்போதும் எரியும் சிவப்பு, செய்தி அல்ல. கண்ணாடிக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. நீலமும் சிவப்புமாக மினுங்கும் பிரேக் லைட்டுகளும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது. பிரேக் லைட் சிவப்பாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு நிறத்துக்கு ஒரே அர்த்தம் இருந்தால்தான் யோசிக்காமல் கால் பிரேக்குக்குப் போகும்.

எல்லாவற்றையும் முடித்த பிறகு அந்த எலக்ட்ரீசியன் செய்த கடைசி வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியின் வலதுபக்கம் குனிந்து, கால் பிரேக்கோடு ஸ்பிரிங்கில் கட்டியிருந்த சுவிட்சின் நட்டைத் திருகினார். பெடலை இளைஞர் அழுத்த, விளக்கு எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்தார். பாதி அழுத்திய பிறகே எரிந்தது. நட்டை இன்னும் திருகி, பெடலின் வெறும் ஆட்டம் முடியும் இடத்திலேயே, பிரேக் ஷூ பிடிக்கும் முன்பே எரியும்படி வைத்தார். பிறகு முன் பிரேக் லீவரையும் தனியாக அமுக்கிப் பார்த்தார். முன் சுவிட்ச் கெட்டு, பின் பிரேக்குக்கு மட்டுமே விளக்கு எரியும் வண்டிகள் ஏராளம்.

ஹோலன்யாக் தொடங்கி எத்தனையோ பேரின் உழைப்பில் கிடைத்த ஆறில் ஒரு விநாடியை, தளர்ந்த ஒரு ஸ்பிரிங் தின்றுவிடும். எல்இடி மாட்டியும் சுவிட்ச் கால் விநாடி தாமதமாக விழுந்தால், சரியான சுவிட்சோடு இருந்த பழைய பல்பே மேல். விளக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்கிறார்கள். சுவிட்ச்தான் அந்த விளக்கின் வாய் என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து வகைகளில் மிகப் பெரிய பங்கு பின்னாலிருந்து மோதுவதற்குத்தான். இந்த எண்களை மாற்ற விளக்கு மட்டும் போதாது. ஆனால், நம் கையில் இருக்கும் வழிகளில் இவ்வளவு மலிவானது வேறு இல்லை. ஹெட்லைட் நமக்கு வழி காட்டுகிறது, அது மங்கினால் அன்றிரவே சரிசெய்துவிடுகிறோம். பிரேக் லைட் முகம் தெரியாத இன்னொருவருக்காக எரிவது, அவர் சரியாகப் பார்த்தால்தான் நாம் வீடு சேர முடியும். எனவே புது விளக்கு மாட்டினாலும் சரி, பழையதே இருந்தாலும் சரி, கடையைவிட்டுக் கிளம்பும் முன் ஒருவரை வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி வெயிலில் நிற்கச் சொல்லுங்கள். லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு முன் பிரேக்கைத் தனியாக, பின் பிரேக்கைத் தனியாக, மெதுவாக அமுக்குங்கள். லீவர் அசைந்த கணமே அவர் "எரியுது" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.